சிடி4 ஏறிவிட்டது, விகிதம் மட்டும் ஏன் ஏறவில்லை?

பினாங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்று வருடமாக எச்ஐவி மருந்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவு, சிடி4 (நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்கள்) எண்ணிக்கை 620. ஆனால் அதை சிடி8 (தொற்றிய செல்களைக் கொல்லும் வெள்ளை அணுக்கள்) எண்ணிக்கையால் வகுத்து வரும் சிடி4/சிடி8 விகிதம் 0.4. மருந்து வேலை செய்யவில்லையா?

செய்கிறது. 620-ஐ 0.4-ஆல் வகுத்தால் 1,550. அதுதான் உங்கள் சிடி8. சிடி4 ஏறிவிட்டது, சிடி8தான் இன்னும் இறங்கவில்லை. தொற்று இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் விகிதம் 1-க்கு மேல் இருக்கும்.

சிடி8 ஏன் இறங்கவில்லை என்பது குடலில் தொடங்குகிறது. எச்ஐவி ஒரு செல்லுக்குள் நுழைய, அந்தச் செல்லின் மேலுள்ள சிடி4 புரதத்தோடு சிசிஆர்5 போன்ற துணை ஏற்பியும் (வைரஸ் பற்றிக்கொள்ளும் இன்னொரு புரதம்) வேண்டும். இரண்டும் உள்ள செல்கள் குடல் சுவரில்தான் குவிந்து கிடக்கின்றன. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அங்கே பெரிய அழிவு நடந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் அது அவ்வளவாகத் தெரியாது. சாகிற செல்களில் பல, வைரஸை உற்பத்தி செய்யக்கூட ஆரம்பிக்காதவை. உள்ளே வந்த வைரஸ் பாதியில் நின்றுபோக, செல் அதை உணர்ந்து தானே வெடித்துச் சாகிறது. அந்த அழற்சி இன்னும் பல சிடி4 செல்களை அதே இடத்துக்கு இழுக்கிறது.

குடல் சுவரைக் காக்கும் டிஎச்17 வகை செல்களும் இதில் போய்விடுவதால், பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. சிடி8 குறையாமல் நிற்பதற்கு இந்தக் கசிவும் பலருக்கு உடம்பில் ஒளிந்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸும் (ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்) முக்கியக் காரணங்கள். மாத்திரை எச்ஐவி பெருகுவதைத்தான் நிறுத்தும், குடலை முழுதாகச் சரிசெய்யாது. சிடி4 ரொம்ப இறங்கிய பிறகு மருந்து தொடங்கியவர்களுக்கு விகிதம் ஏறுவது இன்னும் மெதுவாகத்தான்.

விகிதத்துக்காக மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், பலன் இல்லை. ஆனால் விகிதம் நீண்ட நாள் தாழ்ந்தே இருப்பவர்களுக்கு இதய நோயும் சில புற்றுநோய்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதனால் சிகரெட்டை விடுங்கள்; ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள்; நிமோகாக்கல், ஃபுளூ, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

டெங்கி காய்ச்சல் அடித்த வாரத்தில் சிடி4 எடுக்காதீர்கள், எண்ணிக்கை தற்காலிகமாக விழும். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். எண்ணிக்கை ஆடினால் சிடி4 சதவீதத்தைப் (லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்களில் சிடி4-இன் பங்கு) பாருங்கள், அது அவ்வளவு ஆடாது.

எதிர்ப்புச் சக்திக்கென்று கடையில் விற்கும் கால்சியம், இரும்பு, மக்னீசியம் சேர்ந்த மாத்திரைகளில் கவனம். நீங்கள் எடுக்கும் எச்ஐவி மருந்து டோலுடெக்ராவிர் என்றால், வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எடுங்கள். விகிதம் 0.4-லேயே நிற்கலாம், வைரஸ் அளவு ஏறினால்தான் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.