மானாவாரி மக்காச்சோளத்துக்கு மூடாக்கு: எப்போது, எவ்வளவு?

கேள்வி: புரட்டாசிப் பட்டத்தில் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறோம். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. விதைத்த கையோடு வைக்கோலை மூடாக்காகப் பரப்பி மண்ணை மறைத்துவிட்டால் களையே வராமல் செய்ய முடியுமா?
– விளாத்திகுளம் வாசகர்

பதில்: விதைத்த கையோடு பரப்ப வேண்டாம். களையை அடக்கும் அளவு கனத்துக்குப் பரப்பினால் மக்காச்சோளத்தின் முளைப்பும் சீராக இருக்காது; வெளியே வரும் பயிர் வெளிறிப்போய் மெலிந்து நிற்கும். அந்த நாட்களில் விழும் சிறு தூறலை வைக்கோலே குடித்துவிடும், மண்ணுக்குப் போய்ச் சேராது.

விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் பரப்புவதே சரி. அதற்கு முன் ஒரு களை எடுத்தாக வேண்டும். ஏற்கெனவே வேர் பிடித்து நிற்கும் களையை மூடாக்கு கொல்லாது. வெளிச்சம் படாமல் மறைத்து, இனி முளைக்க வேண்டிய விதைகளைத்தான் தடுக்கும். சாரணை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை போன்ற பொடி விதைக் களைகள் இதில் நன்றாக அடங்கும். ஆக, மிச்சமாவது இரண்டாவது களைக்கூலி. மக்காச்சோளத்தைக் களை அதிகம் பாதிப்பது முதல் ஆறு வாரம்தான். அதன் பிறகு பயிரின் இலைகளே வரிசை இடைவெளியை மூடிக்கொள்ளும்.

நல்ல மழை பெய்து, மண் நனைந்திருக்கும்போது பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் அடுத்து வரும் லேசான மழை வீணாகும்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு மூடாக்கு தேவை? வைக்கோல் மாட்டுக்கே போதவில்லை.
– வேப்பந்தட்டை வாசகர்

பதில்: காய்ந்த பொருளாக ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ வேண்டும். ஏக்கருக்கு 2 டன் ஆகிறது. கட்டு 20 கிலோ என்றால் 100 கட்டு. பரப்பியபின் நின்றபடி குனிந்து பார்த்தால் மண் தெரியக் கூடாது.

கையில் இருப்பது குறைவு என்றால், அதையே ஏக்கர் முழுக்கத் தூவிவிடுவதுதான் பலரும் செய்வது. அது மூடாக்கே போடாததைவிடக் கெடுதல். மெல்லிய போர்வை ஈரத்தைக் காக்கும், வெளிச்சத்தையும் உள்ளே விடும். களை விதைக்கு வேறென்ன வேண்டும்? அதற்குப் பதில், பயிர் வரிசையின் இருபுறமும் 15 செ.மீ. அகலத்துக்கு மட்டும் கனமாகப் போடுங்கள். வரிசை இடைவெளி 60 செ.மீ. என்றால் இது பாதிப் பரப்பு. 1 டன் போதும். நடுவில் மிஞ்சும் 30 செ.மீ. சந்தில் சைக்கிள் களைக்கருவியை ஓட்டிவிடலாம். கருவி நெருங்க முடியாத இடம் செடியின் ஓரம்தான், அங்கேதான் மூடாக்கு அவசியம்.

வைக்கோலை மாட்டுக்கே விட்டுவிடுங்கள். கடலைத் தோல், கரும்புச் சோகை, பொடியாக நறுக்கிய தென்னை மட்டை, போன போகத்து மக்காச்சோளத் தட்டை எல்லாம் உதவும். விதை பிடித்த புல்லையும் பூத்த பார்த்தீனியத்தையும் மட்டும் கொண்டுவராதீர்கள். களையைக் காசு கொடுத்து விதைத்ததாக ஆகிவிடும். எதைப் போட்டாலும் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையேல் ஈரம் கோத்துத் தண்டு அழுகும்.

கேள்வி: தட்டையைப் பரப்பிய பத்து நாளில் பயிர் மஞ்சளாகிவிட்டது. எடுத்துவிடலாமா?
– அருப்புக்கோட்டை வாசகர்

பதில்: முதலில் எந்த மஞ்சள் என்று பாருங்கள். அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சள் இறங்கினால் அது தழைச்சத்துக் குறை. காய்ந்த தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்கின்றன. 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். மேலுரமாகப் போடும் யூரியாவை மூடாக்கின் மேல் தூவாதீர்கள், கணிசமான பங்கு ஆவியாகிப் போய்விடும். மூடாக்கை விலக்கி, செடியிலிருந்து சற்றுத் தள்ளிக் குழியிட்டு வைத்து, மண்ணால் மூடுங்கள். அடுத்த முறை தட்டையோடு தழைச்சத்து மிகுந்த கிளைரிசிடியா அல்லது கொளுஞ்சித் தழையைக் கலந்து போட்டால் இந்தச் சிக்கல் குறையும்.

பள்ளமான இடத்துச் செடிகள் மட்டும் மஞ்சளாகி வளர்ச்சி நின்றிருந்தால், கோளாறு தண்ணீர் தேங்குவதில். மக்காச்சோளம் தேங்கிய நீரைத் தாங்காது, கரிசலோ சீக்கிரம் வடியாது. அந்த இடத்தில் மட்டும் மூடாக்கை வாரிவிட்டு வடிகால் வெட்டுங்கள்.

கேள்வி: மூடாக்கைக் குத்திக்கொண்டு கோரை வருகிறதே?

பதில்: வரும். கோரையின் கூர்முளைக்குக் கிழங்கிலேயே தீனி இருக்கிறது, எந்தத் தழை மூடாக்கும் அதை நிறுத்தாது. சித்திரையில் கோடை உழவு போட்டுக் கிழங்குகளை வெயிலில் காயவிடுவதும், பயிர்க் காலத்தில் தலைகாட்டிய மூன்று வாரத்துக்குள், புதுக் கிழங்கு பிடிக்கும் முன்பே கொத்தி எடுப்பதும்தான் வழி.

கேள்வி: அட்ரசின் களைக்கொல்லி அடித்துவிட்டு மூடாக்கும் போடலாமா? ஊடுபயிராக உளுந்து உள்ளது.

பதில்: உளுந்து இருந்தால் அட்ரசின் கூடவே கூடாது, பயறு கருகிவிடும். தனி மக்காச்சோளம் என்றால், விதைத்த 3-ஆம் நாள் ஈர மண்ணில் ஏக்கருக்கு 50 சத நனையும் தூள் 200 கிராம் தெளித்துவிட்டு, பிறகு நேரம் வரும்போது மூடாக்குப் போடலாம். மூடாக்கின் மேல் அடித்தால் மருந்து தழையிலேயே தங்கிவிடும்.