சொற்கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பா வயது மகன் வயதைப்போல் 4 மடங்கு. 5 வருடம் கழித்து 3 மடங்கு. மகனுக்கு 15 என்று எனக்கு வருகிறது. விடை 10 என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: அப்பாவுக்கு 5 கூட்டாமல் விட்டுவிட்டீர்கள். மகனின் இப்போதைய வயது எக்ஸ் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்பாவுக்கு 4எக்ஸ். 5 வருடம் போனால் இருவருக்கும்தான் போகும்: 4எக்ஸ் + 5 = 3(எக்ஸ் + 5). அடைப்பைப் பிரித்தால் 4எக்ஸ் + 5 = 3எக்ஸ் + 15, எக்ஸ் = 10. வந்த விடையைக் கணக்கின் வாசகத்திலேயே போட்டுப் பாருங்கள்: 45, 15. மூன்று மடங்கு, சரி. சமன்பாடே தப்பென்றால் அதில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. உங்கள் 15-ஐ வாசகத்தில் போட்டிருந்தால் 65, 20 என்று வந்து அப்போதே பிடிபட்டிருக்கும்.

கேள்வி: விலை 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைந்தால் பழைய விலைதானே?

பதில்: இல்லை. 100 என்பது 120 ஆகி, 96-க்கு இறங்கும். இரண்டாவது 20 சதவீதம் 120-க்கு உரியது.

கேள்வி: 'அதிகம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று என் மகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் என்னென்ன சொற்களைச் சேர்க்கலாம்?

பதில்: ஒன்றும் சேர்க்க வேண்டாம். அந்தப் பட்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். இந்தப் பழக்கம் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. 'கவினிடம் 12 பென்சில். அது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மீனாவிடம் எத்தனை?' 'அதிகம்' கண்ணில் பட்டதும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. யாரிடம் கூடுதல் என்று படித்தாலே போதும், மீனாவிடம் 12-க்குக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்துவிடும். பிரான்சின் கிரெனோபிளில் 1980 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு, கேப்டனின் வயது என்ன? முக்கால்வாசிப் பேர் எண்களைக் கூட்டியோ வேறுவிதமாகச் சேர்த்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். வாசகத்தை விட்டுவிட்டுச் சொல்லையும் எண்ணையும் மட்டும் பொறுக்கினால் இதுதான் நடக்கும். மகளை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எண்களை மறைத்துவிட்டு, கதையைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். எது தெரியும், எது தெரியாது, எது எதைவிடப் பெரிது? இவ்வளவும் வாயில் வந்த பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும்.

கேள்வி: ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று அதைவிட வேகம். இரண்டும் சேர்ந்தால்?

பதில்: எவ்வளவு வேகம்? கணக்கை முழுதாகப் பார்த்து எழுதாமல் அனுப்பினால் நான் எதை வைத்துப் போடுவது? இரண்டாவது 3 மணி நேரம் என்றிருந்தால், ஒரு மணி நேரத்தில் 1/6 + 1/3, அதாவது பாதித் தொட்டி. மொத்தம் 2 மணி நேரம். மணிகளைக் கூட்டாதீர்கள், ஒரு மணி நேர வேலையைக் கூட்டுங்கள்.

கேள்வி: போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60. சராசரி 50 ஏன் இல்லை? தூரமும் தரவில்லையே?

பதில்: மெதுவாகப் போனதில் அதிக நேரம் கழிந்தது. தூரம் 120 கி.மீ. என்று வையுங்கள்: 3 மணி, 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. வேறு தூரம் வைத்தாலும் 48 தான்.