கிராமத்து ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க, ஏன் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்?

இலங்கையில் சாதாரணச் சளிக்குக்கூட போதனா வைத்தியசாலை (மருத்துவ மாணவர்கள் பயிலும் பெரியாஸ்பத்திரி) வரிசையில் நிற்பது மக்களின் அறியாமையால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நிர்வாக அமைப்பே அவர்களை அங்கே தள்ளுகிறது.

1987இல் வந்த, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும் மாகாணங்களிடம் போயின. போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சிடமே இருக்கின்றன. சரி, அதிகாரம் பகிரப்பட்டதுதானே என்று தோன்றும். ஆனால் டாக்டர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் கொழும்புதான். மருந்துகளில் பெரும்பகுதியும் மத்தியின் கொள்வனவு வழியாகவே வருகிறது. பணத்துக்கும் மாகாணம் மத்தியைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஒரு கிராமத்தில் டாக்டர் இல்லையென்றால் பொறுப்புச் சொல்ல வேண்டிய மாகாண அதிகாரியிடம் அதைச் சரிசெய்யும் அதிகாரம் இல்லை. போதாததற்கு, 2019இன் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் எந்த மாகாணத்திலும் தெரிவான சபையே இருக்கவில்லை. மக்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம், சிபாரிசுக் கடிதம் இல்லாமலே யாரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம். ஏழைக்கு அது நல்ல உரிமை, அதைப் பறிக்கக் கூடாது என்பதே என் எண்ணம். கிராமத்தில் மருந்தும் ஆளும் நிச்சயமாக இருந்தால் சனம் தானாகவே அங்கு போகும்.

இதே நாட்டில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய, பகுதி பகுதியாகப் பிரித்து நோய்த்தடுப்பையும் தாய்சேய் நலத்தையும் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு முறை இன்றும் கர்ப்பிணிகளின் வீடுவரை போகிறது. அங்கே ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தருக்கும் (அரச மருத்துவிச்சிக்கும்) தன் பகுதி எது, தன் தாய்மார் யார் என்று தெரியும். நீரிழிவு நோயாளிக்கு அப்படிப் பொறுப்பான ஒருவர் இன்னும் இல்லை.