புகார் மனு முதல் விடுதலைச் சான்றிதழ் வரை: வாசகர் கேள்விகள்

சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து, "விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து வழக்கும் நடக்காது, நிவாரணமும் வராது. எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. 2018-ல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173(3) பிரிவைக் காட்டி "14 நாள் விசாரிக்கலாம்" என்றால் மயங்க வேண்டாம். அது பொதுச் சட்டம். முரண் வந்தால் வன்கொடுமைச் சட்டமே மேலோங்கும் என்கிறது அதன் 20-ஆவது பிரிவு.

அதே மனுவை இன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் நகரவில்லை என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே இந்தத் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும்தான் கேட்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் இந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே செய்யாமல் இருந்தால், 4-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை உண்டு. இதையும் மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இத்தனைக்கும் மேல், மனுவை எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். பல வழக்குகள் அங்கேதான் சரிகின்றன. "சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்" என்று பொதுவாக எழுதினால் போதாது. பேசிய சொற்களை, கூசினாலும், அப்படியே எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், அப்போது அங்கே நின்று கேட்டவர்களின் பெயர், உங்கள் சாதி, எதிரியின் (குற்றம் சாட்டப்படுபவரின்) சாதி எல்லாம் இருக்க வேண்டும். வசைக் குற்றத்துக்குப் பொதுப் பார்வையில் படும் இடம் என்பது நிபந்தனை. வெளியாள் எவரும் இல்லாமல் வீட்டுக்குள் நான்கு சுவருக்கு நடுவே பேசியது இதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வீட்டு வாசலில் நின்று திட்டினால் வரும். சாட்சி யாருமே மனுவில் இல்லாமல் பிறகு சேர்த்தால், "ஜோடித்தது" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் போலீஸ்காரர் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம்.

நிவாரணத் தொகை தீர்ப்பு வந்த பிறகுதான் கிடைக்குமா?

இல்லை. இழிவுபடுத்தல், சாதிப்பெயர் சொல்லித் திட்டுதல் போன்ற குற்றங்களுக்கு மத்திய அரசு விதிகளின் அட்டவணைப்படி ரூ.1 லட்சம்: எஃப்.ஐ.ஆர். போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை ஆனதும் மீதி 25. கொலை என்றால் உடற்கூறாய்வு முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகையோடு மறுபாதி. நிவாரணத்தை 7 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது விதி. நீதிமன்றத்துக்கு வந்துபோகும் செலவும் உங்களுக்கும் சாட்சிகளுக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எதிரி ஜாமீன் கேட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் வாதத்தைக் கேட்க வேண்டும். இது 15ஏ பிரிவு தரும் உரிமை. நோட்டீஸ் இல்லாமல் ஜாமீன் கொடுத்திருந்தால் அதுவே அந்த உத்தரவை எதிர்க்கப் போதுமான காரணம்.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி, இருளர் குடும்பம் ஒன்று வெளியே போக முடியாமல் இருக்கிறது. கடனை அடைத்தால்தான் விடுவார்களா?

அடைக்கவே வேண்டாம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செத்த கடன். முதலாளி அதைத் திருப்பி வாங்கினாலே 3 ஆண்டு வரை சிறை. முன்பணம் வாங்கியதால் குறைந்த கூலிக்கு வேலை, வேறு வேலைக்குப் போகத் தடை, ஊருக்குப் போகத் தடை என இவற்றில் ஒன்று இருந்தாலும் கொத்தடிமைதான். அடியும் பூட்டும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது.

மனுவை ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் கொடுங்கள். காவல் நிலையத்துக்கு மட்டும் போனால் "கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று முடிக்கப் பார்ப்பார்கள். விசாரணை சூளையில், முதலாளி நிற்கும்போது நடக்கக் கூடாது. அங்கே அந்தக் குடும்பம் "இஷ்டப்பட்டுத்தான் இருக்கிறோம்" என்றே சொல்லும். வேறு இடத்துக்கு அழைத்துப் போய் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.

கையில் வர வேண்டியது, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கு அரசு அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ். வண்டி பிடித்து ஊரில் கொண்டுபோய் விட்டால் மட்டும் மீட்பு ஆகாது; சான்றிதழ் இல்லாதவர் பழைய முன்பணத்துக்காக அதே சூளைக்கு மறுபடி இழுக்கப்படுவார். ஒருவருக்கு ஒரு சான்றிதழ். கணவர் பெயரில் மட்டும் தந்தால் ஏற்காதீர்கள். பெயர், சொந்த ஊர், விடுதலைத் தேதி சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி ரூ.30,000 வரை. முழுத் தொகை ஆண்களுக்கு ரூ.1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் ரூ.3 லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் இழுக்கும். அதற்காக உடனடி உதவியை நிறுத்தி வைக்கக் கூடாது. இருளர் பழங்குடி என்பதால் வன்கொடுமைச் சட்டத்தையும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய உறவினர் இறந்துவிட்டார். ஒப்பந்ததாரர் ரூ.2 லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறார்.

போடாதீர்கள். சாக்கடை மரணத்துக்கு ரூ.30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது எஃப்.ஐ.ஆர். சந்தேக மரணம் என்றோ விபத்து என்றோ மட்டும் இருந்தால், மலக்குழி சுத்தம் செய்யத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்க்கக் கோரி மனு கொடுங்கள். யார் கூப்பிட்டார், எவ்வளவு கூலி பேசினார், முகமூடியோ கயிறோ கொடுத்தாரா என்பதை உடனிருந்தவரிடம் அன்றே எழுதி வாங்குங்கள். அழைத்த செல்பேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இலவச வழக்கறிஞருக்கு வருமானச் சான்று வேண்டுமா?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், கொத்தடிமையாக இருந்தோர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். அமர்த்தப்பட்ட வக்கீல் பணம் கேட்டாலோ வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, மாற்றித் தரக் கேட்டு அதே ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதலாம்.