காற்றும் கணக்கும்: தடகள வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை தேசியத் தடகளப் போட்டியில், எங்கள் பக்கத்து ஊரான முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆனால், 8.36 மீட்டர் தாண்டி இரண்டாவதாக வந்த கேரளத்தின் ஸ்ரீசங்கர் பெயரில்தான் தேசிய சாதனை பதிவானது. கூடுதலாகத் தாண்டியவருக்குச் சாதனை கிடையாது என்பது என்ன நியாயம்?
– வாசகர், உடன்குடி

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் அன்று ஜெஸ்வினுக்கு அநீதி ஏதும் நடக்கவில்லை. அவர் 8.37 தாண்டியபோது முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்றின் வேகம் நொடிக்கு 4.1 மீட்டர். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டிவிட்டால் அந்தத் தாண்டலைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உலகெங்கும் உள்ள விதி. ஸ்ரீசங்கரின் தாண்டல் அந்த வரம்புக்குள் இருந்ததால், அதுவரை அவரிடமே இருந்த 8.26 மீட்டர் சாதனை 8.36 ஆக உயர்ந்தது. பதக்க வரிசைக்கோ காற்று ஒரு பொருட்டல்ல. அன்றைய களத்தில் யார் அதிகம் தாண்டினாரோ அவருக்கே தங்கம் என்பதால், ஜெஸ்வினின் பதக்கத்தில் யாரும் கைவைக்க முடியாது.

இந்தக் காற்றை அளக்கும் முறையை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் மனம் சமாதானமாகிவிடும். தாண்டு பலகைக்கு 20 மீட்டர் முன்பாக, ஓடுபாதையின் ஓரத்தில், ஏறத்தாழ மார்பளவு உயரத்தில், அதாவது 1.22 மீட்டரில், காற்றுமானி நிற்கும். வீரர் ஓடிவரும்போது பலகைக்கு 40 மீட்டர் தொலைவில் உள்ள குறியைக் கடந்ததும் அளவு தொடங்கி, சரியாக 5 நொடிகளில் முடியும். மைதானத்துக் கொடி படபடப்பதையோ அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் உணர்வையோ வைத்து எதுவும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஒருவர் தாண்டும்போது காற்று அடங்கிவிட, அடுத்தவருக்கு அது கைகொடுப்பதும் உண்டுதான். இறுதிச் சுற்றில் முன்னணியில் இருப்போருக்கு 6 வாய்ப்புகள் தருவது இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு ஈடுகட்டுகிறது என்பது என் கருத்து.

அடுத்து நடந்ததையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. 2023 மார்ச்சில் பெல்லாரி அருகே விஜயநகரில் நடந்த தேசியத் தாண்டுதல் போட்டியில், விதிக்கு உட்பட்ட காற்றில் 8.42 மீட்டர் தாண்டி, ஜெஸ்வின் அந்தச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் புவனேசுவரத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையேயான போட்டியின் தகுதிச் சுற்றில் ஸ்ரீசங்கர் 8.41 தாண்டினார். இம்முறை ஒரு சென்டிமீட்டர் அவருக்குக் குறைந்துபோனது. இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் இப்படி மேலே தள்ளிக்கொண்டே போவதைப் பார்க்கும் பேறு நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

கேள்வி: 2025 ஆகஸ்டில் சென்னை நேரு விளையாட்டரங்கில், மாநிலங்களுக்கு இடையேயான போட்டியின் 400 மீட்டர் ஓட்டத்தை நேரில் பார்த்தேன். வெளிப்பாதையில் இருப்பவர்கள் வெகுதூரம் முன்னால் நின்று புறப்படுகிறார்களே, அது அவர்களுக்குச் சலுகை ஆகாதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நம் தமிழக ஓட்டக்காரர் விஷால் 45.12 நொடியில் ஓடி, முகமது அனஸின் 45.21 என்ற தேசிய சாதனையை முறியடித்த ஓட்டத்தை நேரில் கண்டிருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர். ஒவ்வொரு பாதையின் அகலமும் 1.22 மீட்டர் என்பதால், வெளியே செல்லச் செல்ல வளைவு நீண்டுகொண்டே போகும். அந்தக் கூடுதல் தூரத்தை ஈடுகட்டவே, இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டரும், எட்டாம் பாதைக்காரர் ஏறத்தாழ 53 மீட்டரும் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். சலுகை என்று சொல்வதற்கில்லை. பார்க்கப்போனால் எட்டாம் பாதையில் ஓடுபவர் பாடுதான் கஷ்டம். போட்டியாளர் யாரும் கண்ணில் படாததால், கடைசி நேர்பாதைக்கு வரும்வரை தன் வேகத்தைத் தானே கணித்து ஓட வேண்டும். உள்பாதையிலோ வளைவு குறுகலாக இருந்து காலைப் பிடித்து இழுக்கும். நடுப்பாதைகளை எல்லோரும் விரும்புவது இதனால்தான்.

கேள்வி: மாவட்டப் போட்டியில் 100 மீட்டர் ஓடிய என் மகளின் கைதான் முடிவுக் கோட்டை முதலில் தொட்டது. ஆனாலும் இரண்டாம் இடம் என்று அறிவித்துவிட்டார்கள். தேசியப் போட்டியிலும் இப்படித்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எங்கும் இதே விதிதான். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. உடற்பகுதி, அதாவது தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பாகம், முடிவுக் கோட்டை எப்போது எட்டுகிறதோ அதுவே நேரம். தேசியப் போட்டிகளில் இதைச் சொல்வது முடிவுக் கோட்டுக் கேமரா. அது எடுப்பது வழக்கமான புகைப்படம் அல்ல. கோட்டின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் நொடிக்குப் பல நூறு முறை பதிவு செய்து, அந்தக் கீற்றுகளை அடுத்தடுத்து ஒட்டிய படம் அது. அதனால்தான் அதில் ஓடுபவர்களின் கைகால்கள் விநோதமாக நீண்டும் வளைந்தும் தெரிகின்றன. நடுவர் ஒவ்வொருவரின் மார்பு விளிம்பிலும் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி வைத்து நேரத்தைப் படிக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி, நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததும் இந்த அளவில்தான்.

உங்கள் மகளுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். கையை நீட்டிக்கொண்டு கோட்டைத் தொடப் போனால் தோள் பின்னுக்குப் போய்விடும்; கடைசிக் காலடியில் இரு கைகளையும் பின்னுக்கு வீசி மார்பை முன்னே சாய்க்கப் பழக வேண்டும். முடிவில் சந்தேகம் இருந்தால், அது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் அவரோ அவர் சார்பில் பொறுப்பாளரோ நடுவரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.