குழந்தையின் கால்சியம் 3.1: சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து வாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: ஐந்து மாதக் குழந்தை பாலைக் கக்குகிறது, மலம் இறுகிப் போகிறது, எடை ஏறவில்லை, இரத்தத்தில் கால்சியம் லிட்டருக்கு 3.1 மில்லிமோல், காரணம் தெரியவில்லை என்கிறார்கள், பாலை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், அம்மா. இந்த வயதில் 2.7 வரை இருக்கலாம், 3.1 என்பது தாமதமின்றிக் குழந்தை நல மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ, முன்பதிவுத் தேதியைப் பார்த்துக்கொண்டிராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வைட்டமின் டி கால்சியத்தைக் கூட்டும், ஆகவே அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்துவந்தால் இன்றே நிறுத்துங்கள். இளவெயிலில் காட்டுவதையும் நிறுத்துங்கள். கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு போதும். ஆனால் சில புட்டிகளில் அந்த 400 ஒரு மில்லிலிட்டருக்கு, வேறு சிலவற்றில் ஒரே துளிக்கு. என்னிடம் வந்த ஒரு தாயார், சொட்டுக்குழாயைக் கழுத்துவரை, ஒரு மில்லிலிட்டர் அளவுக்கு உறிஞ்சி, "இவ்வளவுதான் டாக்டர், தினமும்" என்று காட்டினார். அது துளிக் கணக்குப் புட்டி. ஒரு மில்லிலிட்டரில் 25 துளி என்றாலும் 10,000 அலகு ஆகிறது. எலும்பு உறுதிக்கென்று வாட்சாப் குழுக்களில் விற்கும் முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை. எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவெண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இல்லாத புட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள். இருக்கிற புட்டியை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் எடுத்த இரத்தத்தில் பார்க்க வேண்டும். இதை ஒரு நாள், அதை மறுவாரம் என்று பிரித்து எடுத்து, பச்சைக் குழந்தையை இரண்டு முறை குத்துகிற வழக்கம் எப்போது ஒழியும் என்று தெரியவில்லை. ஹார்மோன் அடங்கியிருந்தால், அதாவது மிகக் குறைந்திருந்தால், வைட்டமின் டி மிகையாகச் சேர்ந்திருக்கலாம், அல்லது அதைச் சிதைக்கும் நொதியின் மரபணுவில் பிறவிக் குறை இருக்கலாம். 2011இல் அடையாளம் காணப்பட்ட அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு, மற்றக் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும் அளவே நஞ்சாகிவிடும்.

ஹார்மோன் அடங்காமல் இயல்பளவிலேயே இருந்தால், உங்கள் இருவருக்கும் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கால்சியம் சற்றே கூடியிருக்கும். சிறுநீரில் குறைவாகவே வெளியேறும். பிள்ளை நன்றாகக் குடித்து வளரும். அங்கே சிகிச்சையே தேவைப்படாது. பத்தியப் பாலும் வேண்டாம், பாராதைராய்டு சுரப்பியை அறுக்கவும் வேண்டாம். ஆனால் வாந்தியும் எடைக்குறைவும் உள்ள உங்கள் பிள்ளைக்கு இதுதான் என்று யாராவது முன்கூட்டியே முடிவு கட்டினால் ஏற்காதீர்கள். பெற்றோரின் இரத்தம் பார்க்கச் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாமலே ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு மரபணுப் பரிசோதனைத் தொகுப்பை விற்க வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

மருத்துவமனையில் முதலில் நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுவார்கள். கால்சியம் குறைந்த பால்மாவை உணவியலாளர் அளவிட்டுத் தருவார். இறங்காவிட்டால் மட்டுமே எலும்பிலிருந்து கால்சியம் கசிவதைத் தடுக்கும் ஊசி. அளவு இறங்கிய பின்னும், சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சிறுநீரகங்களை அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் உறுதியாகும் வரை, யார் சொன்னாலும், சொட்டு மருந்தை மீண்டும் தொடங்க வேண்டாம்.