மெதேன் ரொக்கெட் மீது ஆசை கொண்ட மகனுக்கு எந்தப் பட்டம்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் வேண்டாம், வெளிநாடு சென்று ரொக்கெட் பொறியியல்தான் படிப்பேன் என்று உயர்தரக் கணிதப் பிரிவில் பயிலும் உங்கள் மகன் பிடிவாதம் பிடிப்பதாகவும், அவருக்கு எந்தப் பட்டம் பொருந்தும் என்று கேட்டும் வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அவர் கண் வைத்திருக்கும் துறை வெறும் கற்பனையன்று. சீனாவின் லேண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் சூச்சுவே-2, 2022 டிசம்பரில் தோல்வி கண்டு, 2023 ஜூலை 12 அன்று மெதேன் வாயுவை எரிபொருளாகக் கொண்டு சுற்றுப்பாதையை எட்டிய முதல் ரொக்கெட்டாயிற்று. முதற்கட்டத்தில் மெதேனை எரிக்கும் அமெரிக்காவின் வல்கன் 2024 ஜனவரியிலும், நியூ கிளென் 2025 ஜனவரியிலும் அந்த வரிசையில் சேர்ந்தன.

இந்த எரிபொருளை ஏன் தேர்ந்தார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. மண்ணெண்ணெய் எரியும்போது இயந்திரத்தினுள் கரி படிவதால் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சிரமமாகிறது. திரவ ஐதரசனோ மறை 253 பாகை செல்சியஸ் குளிரைக் கேட்பதுடன், அடர்த்தி மிகக் குறைவாதலால் பெருந்தாங்கிகளையும் வேண்டிநிற்கிறது. மெதேன் மறை 161 பாகையிலேயே திரவமாகிறது, ஐதரசனைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அடர்த்தியானது, கரியும் குறைவு. ஆனாலும் அதுவும் கடுங்குளிர்த் திரவமே. ஆகவே, ஒருபுறம் அத்திரவத்தையும் மறுபுறம் கொதிவாயுவையும் தாங்கிச் சுழன்று எரிபொருளை இயந்திரத்துக்குள் தள்ளும் பம்பியை உடையாமல் வடிவமைப்பதே இத்துறையின் அன்றாட வேலை. அதற்குரிய வெப்பவியக்கவியலையும் உலோகங்களின் நடத்தையையும் மொறட்டுவையின் இயந்திரப் பொறியியல், இரசாயனச் செயன்முறைப் பொறியியல், பதார்த்த விஞ்ஞானப் பிரிவுகளிலேயே கற்கலாம். கப்பல்களில் ஏற்றிச் செல்லப்படும் திரவ இயற்கை வாயுவும் பெரும்பாலும் மெதேனே என்பதால், ரொக்கெட் கைகூடாவிடினும் அந்த அறிவுக்கு வேலையுண்டு.

வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பெரும்பாலும் வாய்திறக்காத விடயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ரொக்கெட் தொழில்நுட்பம் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், அங்குள்ள நிறுவனங்கள் இவ்வேலைகளைப் பொதுவாகக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கே கொடுக்கின்றன. மாணவர் விசாவில் சென்று, வீட்டை ஈடுவைத்த பணத்தில் பட்டம் பெறும் இலங்கையருக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும். முதற்பட்டத்துக்காக வீட்டை ஈடுவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இங்கே பட்டம் பெற்றபின் ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து முதுகலைக்குச் செல்வதே நான் பரிந்துரைக்கும் வழி. 2019இல் விண்ணேறிய இராவணா-1 செய்மதியை இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கியதும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில்தான். பரீட்சை வரை இணைந்த கணிதத்தில் கவனம் சிதறாதிருக்கட்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மொறட்டுவைக்கு எட்டாவிட்டாலும், பேராதனையையும் கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தையும் விண்ணப்பத்தில் விட்டுவிட வேண்டாம்.